ஓரத்தில் வரும் புள்ளிகள்

என் மகள் சேர்ந்த படிப்பின் பெயரை முதலில் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டேன். காக்னிடிவ் சயின்ஸ். தமிழ் எழுத்தில்தான் எழுதினேன். யாராவது கேட்டால் கையை லேசாகத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வேன். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கையுறைக்குள் வியர்த்து மத்தியானத்துக்குள் அது அழிந்துவிடும். மறுநாள் திரும்ப எழுதிக்கொள்வேன். வெளிமாநிலத்தில் நான்கு வருடப் படிப்பு. ரயிலேற்றிவிட்டு வந்த வாரம் முழுக்க அந்தப் பெயர் என் கையில் இருந்தது.

கல்மண்டபம் பகுதியில் நாங்கள் இருக்கும் சந்தில் எல்லோரும் கேட்டார்கள். கீழ்வீட்டு அக்கா மட்டும் விடாமல் கேட்டாள்.

"மூள டாக்டருக்கா படிக்குது?"

"இல்லக்கா. நாம எப்டி பாக்குறோம், எப்டி நெனைக்கிறோம், எப்டி மறந்து போறோம்னு படிக்கிறதாம்."

"இத்தயெல்லாம் நான் சும்மாவே பண்ணிகினு கீறேன். எனுக்கு யாரு பட்டம் குடுத்தா?"

நான் சிரித்துவிட்டுப் படியேறிவிட்டேன். ஒருவரிடம் நின்று பேசி விளக்கும் சாமர்த்தியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஐந்தாவது வரை படித்தேன். அதற்குமேல் படித்ததெல்லாம் டீக்கடைப் பேப்பரிலும் பழைய புத்தகக் கடையில் வாங்கியவற்றிலும்தான். பேசுவதைவிட எனக்குப் படிப்பது சுலபம். அதனாலோ என்னவோ எனக்கு வாய்த்த வேலையும் வாய் திறக்கத் தேவையில்லாத வேலையாக அமைந்தது.

நான் கிரேனுக்கு சிக்னல் காட்டுபவன். மாத்தூர் பக்கம் ஒரு யார்டில் இருபது வருடத்துக்கு மேல். துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் இரும்புத் தகட்டுச் சுருள்களைக் கிரேன் தூக்கி வரிசையாக அடுக்கும். உயரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குத் தரையில் நடப்பது பாதி தெரியாது. அவருக்கு நான்தான் கண். விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. சுற்றும் விரலுக்கு மேல் மற்ற கையைக் குடை போலப் பிடித்தால் மெதுவாக. இரண்டு கையையும் விரித்தால் நிறுத்து. ஆபத்து என்றால் விசில். ஒரே ஊதல், எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். விசில் எப்போதும் என் பல்லிடுக்கில் இருக்கும்.

ஆனால் எங்கள் யார்டில் விசிலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. லாரி கிளீனர்களைப் பார்த்து ஊதலாம். குறுக்கே ஓடும் நாயைப் பார்த்து ஊதலாம். அனுபவம் உள்ளவர்களைப் பார்த்து ஊதக் கூடாது. எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் நான்கு பேர் முன்னால் ஒரு மூத்த ஆளைப் பார்த்து விசிலடித்தால் அவருக்கு வேலை தெரியாது என்று சொன்னதாக ஆகிவிடும்.

எனக்கு அது ஆரம்பத்திலேயே தெரிந்துபோனது. சுருளில் கம்பிக்கயிறு மாட்டி, அது உருளாமல் அடியில் மரக்கட்டை கொடுப்பவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் சுருள் இறங்கும்போது அவர் கட்டையைச் சரிசெய்யக் கிட்டே போனார். நான் ஊதிவிட்டேன். கிரேன் நின்றது. அவர் இடுப்பில் கைவைத்துத் திரும்பினார்.

"இன்னாடா, ரயிலு கார்டு மாதிரி ஊதிகினு கீற? எனுக்கு கண்ணு இல்லியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருவன் கொடியசைப்பதுபோல் கையை ஆட்டினான். "கார்டு சார், வண்டி எப்போ கெளம்பும்?" என்றான். அண்ணன் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை, சாயங்காலமே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான்தான் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு அவரைப் பார்த்து நான் ஊதியதே இல்லை.

அவர் வலது காலில் சுருள் உருண்டபோது என் மகள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு வெள்ளை ஹெல்மெட் போட்ட மூன்று பேர் வந்தார்கள். அதற்கு முன்பே சங்கத் தலைவர் என்னை யார்டுக்கு வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டார். "பாத்தேன், ஆனா நிறுத்தலன்னு சொன்னீன்னா உன் வேல போச்சு. போலீஸ் கேசும் ஆவும். பாக்கலன்னு சொல்லு. சுருளயே பாத்துகினு இருந்தேன்னு சொல்லு. அவனுக்கு வர்ற நஷ்டஈடும் வந்துரும், உனுக்கும் ஒண்ணும் ஆவாது."

நான் அப்படியே சொன்னேன். என் மனைவியிடமும் அதையே சொன்னேன். "கண்ணு முன்னாடிதான் இருந்தாரு. பாக்கல." மகள் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பென்சிலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கண்ணு தொறந்துதானே இருந்துச்சு நைனா?"

"தொறந்துதான் இருந்துச்சு."

"அப்றம் எப்டி தெரியல?"

அந்தக் கேள்வியை அவள் விடவில்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அண்ணனுக்குக் கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து ரயில் நிலையத்துக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு உட்கார்ந்தார். நான் வேலைக்குப் பஸ்ஸில் போகிறவன், அந்தப் பக்கம் போகவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் கல்யாணத்திலோ சாவு வீட்டிலோ எதிர்ப்பட்டால் அவரே கட்டையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் வருவார். தோளில் கைபோடுவார். "அட வுடுடா. வேணும்னா பண்ண? கண்ணுதானே, சில நேரம் ஏமாத்திரும். இத்த நெனச்சி நெனச்சி நீ பேஜாராவாத." பக்கத்தில் இருப்பவர்களிடமும் சொல்வார். "இவன் மேல ஒரு தப்பும் இல்ல. தங்கமான பையன்." அப்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கல்லூரியிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். படித்ததையெல்லாம் சொல்வாள். பாதி புரியும். மனசு, மூளை, பாஷை, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கிறார்களாம். ஒருதடவை மேசையில் இரண்டு சோடா மூடியை ஒரு சாண் இடைவெளியில் வைக்கச் சொன்னாள். இடது கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கத்து மூடியையே பார்த்தபடி தலையை மெதுவாக முன்னால் கொண்டுபோகச் சொன்னாள். ஓரிடத்தில் வலது பக்கத்து மூடி காணாமல் போனது. மேசை மட்டும் இருந்தது.

"காணோமா?"

"காணோம்."

"எல்லார் கண்ணுலயும் அப்டி ஒரு எடம் கீது நைனா. அங்க ஒண்ணுமே தெரியாது. மூள அத்த சொல்லாம மூடி மறச்சிரும்."

அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்காகக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து கொடுத்த மருந்தைப்போலச் சொன்னாள்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்தைப் பற்றிச் சொன்னாள். பழைய விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் மூளை அதை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைப்பதில்லையாம். கொஞ்சம் மாற்றி வைக்குமாம். பலதடவை சொன்ன பொய்யே நடந்ததுபோல ஆகிவிடுவதும் உண்டாம். அதைக் கேட்டபிறகு நான் சிலகாலம் காத்திருந்தேன் என்றே சொல்லவேண்டும். பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று இத்தனை வருடம் சொல்லியிருக்கிறேனே, அது உண்மையாக மாறிவிடாதா என்று. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பேன். சுருள் இறங்கும். என் விரல் சுற்றும். இடது ஓரத்தில் அவருடைய காக்கிச் சட்டை வரும். ஒருதடவைகூட வராமல் இருந்ததில்லை.

கடைசி வருடம் அவள் ஒரு ஆராய்ச்சி செய்து எழுதித் தரவேண்டும். விடுமுறைக்கு வந்தவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள். சிக்னல் காட்டுபவர்கள் கொக்கியையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஓரத்தில் வருவது அவர்களுக்குத் தெரியாமல் போகிறதா என்பதுதான் அவள் தலைப்பு. அதற்கு ஆட்கள் வேண்டும். மற்ற யார்டுகளில் சிக்னல் வேலை செய்பவர்களை நான் அழைத்து வர வேண்டும்.

ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவளுக்காகக் கேட்டேன். எட்டுப் பேர் வந்தார்கள். "கண்ணாடி குடுப்பாங்களா மாமு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். எங்கள் ஒற்றை அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கி, இரும்புப் பெட்டியின் மேல் லேப்டாப்பை வைத்து ஒருவர் ஒருவராக உட்காரவைத்தாள். திரைக்கு நடுவில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். சிவப்பு எண் வந்தால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். நடுநடுவே ஓரத்தில் ஒரு சாம்பல் புள்ளி வந்து உடனே மறையும். அதைப் பார்த்தால் இன்னொரு பொத்தான். அவ்வளவுதான். என் மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்தாள். வந்தவர்கள் நிறைய புள்ளிகளை விட்டார்கள். மகள் நினைத்தபடியே நடந்தது. முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தாள்.

அன்று சாயங்காலம் தான் எழுதியதன் முதல் பக்கத்தை எனக்குக் காட்டினாள். ஆங்கிலம். ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தாள். "இது நீதான் நைனா." ஃபாதர் என்று இருந்தது. பள்ளிக்கூட விண்ணப்பங்களில் என் பெயர் எழுதவேண்டிய இடத்துக்கு மேல் இருக்கும் சொல், எனக்கு அடையாளம் தெரியும். தமிழில் சொல்லிக் காட்டினாள். என் தந்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அவருக்குத் தெரியவில்லை, ஒரு நல்ல மனிதரின் கண் ஏன் அப்படிச் செய்தது என்பதிலிருந்து இந்த ஆராய்ச்சி தொடங்குகிறது.

"காலேஜுல சேர எழுதித் தரச் சொன்னாங்களே, அதுலயே இத்ததான் எழுதினேன். அத்த படிச்சிட்டுதான் எடம் குடுத்தாங்க."

நான் பால் வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கினேன். வீட்டில் பால் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடைசியாக நான் உட்கார வேண்டும். தன் ஆராய்ச்சியில் அப்பாவைச் சேர்க்கக் கூடாதாம், ஆனாலும் முன்னுரைக்காகத் தனியாக ஒரு தடவை செய்து பார்க்க ஆசைப்பட்டாள். உட்கார்ந்தேன். எண்கள் ஓடின. புள்ளிகள் வந்தன. கை தானாக அமுக்கியது. முடிந்ததும் அவள் திரையில் எதையோ திறந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நைனா, நீ ஒண்ணு கூட வுடல."

சமையல் மேடையிலிருந்து என் மனைவி, "அவருக்கு எல்லாம் தெரியும். வாயில வராது, அவ்ளோதான்," என்றாள்.

மகள் சிரிக்கவில்லை. "வந்தவங்க எல்லாரும் வுட்டாங்க. உன்ன மாதிரி இதே வேல செய்றவங்கதானே அவங்களும்?" என்றாள். பிறகு, "நல்லா தூங்கி எழுந்து ஃபிரெஷ்ஷா இருந்திருப்ப. வேலைக்கிப் போய்ட்டு வந்து களைப்பா இருக்கும்போது நாளைக்கி இன்னொரு தபா பண்லாம்," என்றாள்.

மறுநாள் யார்டில் நின்றுகொண்டே முடிவு செய்தேன். சில புள்ளிகளை விட்டுவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் அவள் படித்தது, அதற்கு முன் அவள் யோசித்தது எல்லாம் என்னுடைய ஒரு வாக்கியத்தின்மேல் நிற்கிறது. அதை நான் தாங்கிப் பிடிக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் புள்ளிகளைப் பார்க்காதவனாக இருந்தால் போதும். அவள் பட்டம் வாங்கிவிடுவாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். முதல் நான்கைந்து புள்ளிகளை அமுக்கினேன். அப்புறம் ஒன்றை விட்டேன். இரண்டு அமுக்கினேன். இன்னொன்றை விட்டேன். நடுவில் வரும் எண்களையே முறைத்துப் பார்த்தேன். மகள் எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். திரையைப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

பாதியிலேயே கைநீட்டி நிறுத்தினாள்.

"புள்ளி வந்தப்ப உன் வெரல் மேல எழும்புது நைனா. அப்றம் அமுக்காம அப்டியே நிக்குது."

நான் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பாத்துட்டு ஏன் அமுக்கல?"

அடுப்பில் மனைவி எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். வெளியே எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் எப்போதும் கேட்கும் சத்தம்தான்.

"அன்னிக்கும் பாத்தியா?" என்று கேட்டாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"ம்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மூச்சு. உள்ள இழுத்துட்டேன். ஊதறதுக்குதான் இழுத்தேன்."

"ஏன் ஊதல?"

இவ்வளவு வருடம் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவளிடம் வந்த பதில் எனக்கே அற்பமாக இருந்தது.

"திட்டுவாரோன்னு. எல்லாரும் சிரிப்பாங்கன்னு. எப்பவும் தானா வெலகிருவாரு, அன்னிக்கும் வெலகிருவாருன்னு நெனச்சேன்."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மகள் லேப்டாப்பை மூடினாள். கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் எல்லாத்துலயும் இத்ததானே எழுதிகினு வந்தேன்."

"தெரியும்மா."

"எங்க சார்கிட்ட, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லிக் கீறேன். நீ பாக்கலன்னு."

"உன் படிப்புல இதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. அவள் படித்த எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. இதற்கும் ஒன்று இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

அவள் யோசித்தாள். எனக்காக உண்மையாகவே யோசித்தாள். "தேடுனா ஏதாவது பேரு கெடைக்கும். குடுக்க மனசு வரல," என்றாள். பிறகு, "அந்தப் பெரியப்பாகிட்ட சொன்னியா?" என்றாள்.

"இல்ல."

அவள் எழுந்துபோய் ஜன்னலில் கட்டியிருந்த போர்வையை அவிழ்த்தாள்.

இரண்டு நாள் முன்னதாகவே கல்லூரிக்குக் கிளம்பினாள். சென்ட்ரலில் ரயிலேற்றும்போது தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். சண்டை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது, ஆனால் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிட்டாள். என் மனைவியும் இதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பெல்லாம் சோறு போட்டுவிட்டு நின்று பார்ப்பாள், இப்போது போட்டதும் நகர்ந்துவிடுகிறாள்.

ஆராய்ச்சியை முடித்து, பைண்டு செய்த ஒரு பிரதியை மகள் தபாலில் அனுப்பினாள். பட்டம் வந்துவிடும் என்று சொன்னாள். நான் முதல் பக்கத்தைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடினேன். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தேடினேன். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் வரை பார்த்தேன். இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை வேலை முடிந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். அண்ணன் தகரக் கூரைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகட்டை சுவரில் சாய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பழக்கத்தில் ஒரு டோக்கனை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு என் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வண்டி எங்கடா?"

"வண்டி இல்லண்ணே."

"பின்ன இன்னாத்துக்கு டோக்கன் வாங்க வந்த? ஒக்காரு. பொண்ணு படிச்சி முடிச்சிடுச்சாமே? நம்ம கதய எழுதப்போவுதுன்னு பசங்க சொன்னாங்களே, எழுதிச்சா?"

"இல்லண்ணே. எடுத்துட்டுது."

"ஏன்?"

நின்றபடியே சொன்னேன். மகளிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் முடிந்துவிட்டது. பார்த்தேன், மூச்சை இழுத்தேன், ஊதவில்லை. ஏன் என்பதையும் சொன்னேன். அவர் ரயில் கார்டு என்று சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. "நானா? நானா சொன்னேன்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

என்னிடம் கொடுத்த டோக்கனைத் திரும்ப வாங்கி, மற்ற டோக்கன்களோடு சேர்த்து, எல்லாவற்றையும் எண் வரிசைப்படி கம்பியில் கோத்தார். கோத்து முடிந்ததும் சொன்னார்.

"எத்தினி வருசமா உன்ன நான் சமாதானம் பண்ணிகினு இருந்தேன்."

கம்பியை ஆணியில் மாட்டிவிட்டு ரயில் வரும் பக்கம் பார்த்தார்.

"கூட்டம் வர்ற நேரம். போ."

ரயில் வந்தது. ஆட்கள் வந்து டோக்கனைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் வழியை விட்டு விலகிச் சுவரோரம் நின்றேன். போகச் சொன்னார், கால் போகவில்லை. அவர் ஒவ்வொருவர் கையிலிருந்தும் டோக்கனை வாங்கினார், எண்ணைப் பார்த்தார், தலையாட்டினார். கூட்டம் தீர்கிற வரையில் ஒருதடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. ஓரத்தில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவான் என்பது எனக்குத் தெரியும்.